கறுப்புப் பாட்டிலும் மஞ்சள் மூடியும்

மார்ச் 3
சென்ட் கவுண்டரில் நிற்கிறவள் கடைச் சரக்கைத்தான் பூசிக்கொண்டு நிற்கவேண்டுமாம். கடை திறந்ததும் கறுப்புப் பாட்டிலிலிருந்து மணிக்கட்டில் ஒரு அடி. இருக்கிறதிலேயே விலை அதிகம் அதுதான். எனக்கோ அதை அடித்தால் மத்தியானம் வரை தும்மல். இன்று ஒரு வாடிக்கையாளர் முகத்திலேயே தும்மிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்த பார்வை இருக்கிறதே! மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்வதும் அந்த அம்மாதான்.

மார்ச் 5
அடிக்கிற மாதிரி பாவனை மட்டும் செய்தேன். அதற்கு முன்பே கழிப்பறையில் என் மஞ்சள் மூடி ஸ்பிரேயைப் போட்டுக்கொண்டாகிவிட்டது. பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கினது. அன்னாசி, தேங்காய், கொஞ்சம் மாம்பழம் - கடற்கரையில் உட்கார்ந்து பழம் தின்கிற வாசனை. ஒரு தும்மல்கூட இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 8
தெரிந்துவிட்டது. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, துணிப் பிரிவிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டே வந்து என் கழுத்தருகில் நின்றார்.
"நீங்க என்ன போட்டிருக்கீங்க? அதே வேணும்."
பக்கத்தில் சூப்பர்வைசர். நான் என்ன சொல்வேன்? கை தானாகக் கறுப்புப் பாட்டிலைக் காட்டியது.
"மோந்து பாக்கறீங்களாம்மா?"
"அதான் உங்க மேலயே பாத்துட்டேனே!" வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
சூப்பர்வைசர் முதல்முறையாகச் சிரித்தார். பல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 10
பள்ளி வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் மஞ்சள் மூடியை அடித்துக்கொண்டு போயிருக்கிறார். யாரோ ஜூஸ் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் பையெல்லாம் தேடினார்களாம். பாட்டிலில் பாதியைக் காணோம்.

மார்ச் 12
கண்ணாடியம்மா திரும்பி வந்தார். கறுப்புப் பாட்டிலோடு.
"இது அந்த வாசனை இல்லையே?"
பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். "உடம்புக்கு உடம்பு வாசனை மாறும்மா."
"அப்ப உங்க உடம்புல அடிச்சுக் காட்டுங்க."
மணிக்கட்டில் அடித்தேன். தும்மினேன். மறுபடியும் தும்மினேன். அவர் என் கையை மோந்தார். கழுத்தை மோந்தார். நிதானமாகக் கேட்டார்:
"கையும் கழுத்தும் வேற வேற ஆளோடதா?"
தூரத்தில் சூப்பர்வைசர் வருகிறார். குனிந்து காதோடு சொல்லிவிட்டேன். "பஸ் நிலையத்துப் பெட்டிக்கடை. மஞ்சள் மூடி. வெளிய சொல்லிடாதீங்கம்மா, என் வேலை போயிடும்."
"ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்றார் சூப்பர்வைசர்.
"ஒண்ணுமில்ல. எப்படி அடிக்கணும்னு கேட்டேன்."
பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவரா? இல்லை, வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதுகிற ரகமா? ஐயோ, எதுக்குடி வாயைத் திறந்தே?

மார்ச் 13
புகார் வரவில்லை.

மார்ச் 14
இன்றும் இல்லை. வந்து தொலைத்திருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 19
கண்ணாடியம்மாவின் நாத்தனார் வந்தார், கறுப்புப் பாட்டில் கேட்டு. பின்னாலேயே அவருடைய சிநேகிதிகள். "அண்ணி வீட்டு மேஜையில பாத்தேங்க. என்ன வாசனை!"
எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் கண்ணாடியம்மாவே வந்து கிசுகிசுத்தார்: "உள்ள இருந்ததைக் கொட்டிட்டு உங்களுதை ஊத்தி வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர்தான் குறடு போட்டுத் திறந்து குடுத்தாரு. பாட்டில் அழகா இருக்குல்ல?"
"உங்க நாத்தனார் திருப்பிக் கொண்டு வந்துட்டா?"
"வரமாட்டா."
சரிதான். அண்ணி மேல் மணக்கிறது தன் மேல் மணக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள எந்த நாத்தனாருக்கு வாய் வரும்?

மார்ச் 28
வேலை நிரந்தரம்! கறுப்புப் பாட்டில் இந்த மாதிரி விற்றதே இல்லையாம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சூப்பர்வைசர் பரிசுப் பெட்டி ஒன்றை நீட்டினார். பிரித்தால் - கறுப்புப் பாட்டில்.
"இனிமே வீட்லயும் போட்டுக்கலாம்!"
சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

ஏப்ரல் 2
மஞ்சள் மூடி தீர்ந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரர் கையை விரித்தார். "கண்ணாடி போட்ட ஒரு அம்மா பெட்டியோட வாங்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்த சரக்கு எப்ப வரும்னு தெரியாது."
திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். யாரிடம் போய் முறையிட?

ஏப்ரல் 4
வேறு வழியில்லை. பரிசுப் பாட்டிலை அடித்துக்கொண்டு போனேன். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். இந்தக் கவுண்டரில் முதல்தடவையாக உண்மையைச் சொல்லி, கறுப்புப் பாட்டிலைக் காட்டினேன். என் மணிக்கட்டை மோந்தாள். முகம் சுருங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:
"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. இது டூப்ளிகேட். எங்க அத்தை ஒரிஜினல் வச்சிருக்காங்க, எனக்கு அந்த வாசனை நல்லாத் தெரியும்."
"வட்டக் கண்ணாடி போட்டிருப்பாங்களா?"
"ஆமா! அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"
தெரியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.