கேபிளோரம் அம்மா

மார்ச் 3
சுவிஸ் பனியாற்றுக்கு யார் வருகிறீர்கள் என்று என் ஆய்வு மேற்பார்வையாளர் டயனா கேட்டார். கை தூக்க நினைத்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் முடிந்துவிட்டது. பிறகு அவரே வந்து, உனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றார். மேற்பார்வையாளர்கள் எல்லோரும் இப்படியா? கேட்க ஆளில்லை, எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான்.

மார்ச் 4
“ஐஸ் வெடிக்காதோ?” என்று அம்மா கேட்டார். வெடிக்கும், அந்த அதிர்வைப் பிடிக்கத்தான் போகிறோம் என்றேன். “அப்ப போட்டு வா பிள்ளை.” இவ்வளவு சுலபமாகவா?

மார்ச் 13
பனியாற்றுக்கு அனுப்புமுன், அதிர்வு பிடிக்கும் கேபிளைப் பல்கலைக்கழக நிலவறை நடைவழியில் விரித்துச் சோதித்தோம். உள்ளே மயிரளவு கண்ணாடி இழை. லேசர் ஒளியைச் செலுத்தினால், இழை அதிரும் இடத்திலிருந்து திரும்பும் ஒளி சற்று மாறும். அங்கே இழையை அதிரவைக்கப்போவது பனி விரிசல். இங்கே எங்கள் சப்பாத்துக் காலடி.
சாப்பாட்டை மறந்துவிட்டேன். அம்மா இல்ஃபோர்ட் வீட்டிலிருந்து ரயிலேறிக் கொண்டுவந்தார். டயனா அவரையும் கேபிளோரம் நடக்கச் சொன்னார். திரையில் ஒரு காலடிக் கோடு அழுத்தம், அடுத்தது இருக்கிறதா என்றே தெரியவில்லை. நடைவழி முடியும்வரை அப்படியே.
அம்மா இடது காலை ஊன்றுவதே இல்லை.

மார்ச் 14
நான் ஐசுக்குப் போகமாட்டன். நாள் முழுக்கக் கடையில நிக்கிற மனுசி — எவ்வளவு காலமாய் இப்பிடி? ஒரே வீட்டில இருந்தும் எனக்குத் தெரியேல்லையே. பெரிய அதிர்வு ஆராய்ச்சி.

மார்ச் 15
முழங்கால். போன குளிர்காலத்திலிருந்து வலியாம்.
“சொன்னா நீ போகாம நிண்டிடுவாய்.”
நிற்கத்தான் போகிறேன் என்றேன். அம்மா கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நீ ஐசுக்குப் போ, நான் டொக்டரிட்டப் போறன். நீ நிண்டா நானும் போகமாட்டன்.”
தம்பி சுஜீத் தான் கூட்டிப்போவதாகச் சொன்னான். “பென்குயினைக் கேட்டதாச் சொல்லு அக்கா.” அங்கே பென்குயின் இல்லையடா.

மார்ச் 16
டயனாவிடம் ஓம், வருகிறேன் என்றேன்.

மே 22
அம்மாவுக்குக் கால் பயிற்சி தொடங்கிவிட்டது. பயிற்சி கொடுக்கும் பெண்ணையே இரண்டு தரம் ஏசிவிட்டாராம்.

ஜூலை 9, பனியாறு
கேபிளைப் பனியில் பதித்துவிட்டோம். மதியம் ஆழத்தில் ஒரு விரிசல். மேலே நின்ற எங்கள் காதுக்கு எட்டவில்லை. திரையில் மட்டும் வந்தது. நான்தான் முதலில் கண்டேன். டயனாவைக் கூப்பிட்டும் சொன்னேன்.
மாலையில் சுஜீத் ஓர் ஒலிப்பதிவு அனுப்பினான். குசினியில், அடுப்பருகே தரையில் ஃபோனை வைத்து அம்மாவை நடக்கவிட்டிருக்கிறான். பேச்சில்லை. காலடி மட்டும்.
இடது கால் இன்னும் மெதுவாகத்தான் விழுகிறது. ஆனால் கேட்கிறது.