குழாய் உடைந்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை

அனுப்புநர்:
சி. சுடலைவடிவு (க/பெ சிவசண்முகம்),
அப்பளத் தொழில், கீழத்தெரு,
வடகரைமங்கலம், கல்லிடைக்குறிச்சி வழி,
நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், வடகரைமங்கலம்.

பொருள்: கீழத்தெருக் குடிநீர்க் குழாய் உடைப்பை அடைக்கவும், எனது முந்தைய மனுவைப் பாராட்டாக ஏற்றதை ரத்து செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சித்திரையில் குழாய் உடைந்ததிலிருந்து எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. தெருவில் பாய் விரித்து அப்பளம் காயப்போட்டுப் பிழைக்கிற எனக்கும், என்னிடம் அப்பளம் இட வரும் பெண்களுக்கும் அன்றோடு வேலை போயிற்று. நேரில் சொல்லிச் சொல்லி அலுத்து, வைகாசியில் வயிற்றெரிச்சலோடு ஒரு மனு கொடுத்தேன். அதில், "தாமிரபரணியையே எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். இனிப் படித்துறைக்கு நடக்க வேண்டாம். தங்கள் பொற்கரங்களால் இச்சேவை என்றென்றும் தொடர வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

2. எங்கள் பக்கம் கோபம் தலைக்கேறினால் இப்படித்தான் பேசுவோம். பந்தி முடிந்தபின் விருந்துக்கு வருகிறவரைப் பார்த்து, "வாரும்வே, இப்பமே வந்துட்டீரே" என்போம். அவருக்கும் விளங்கிவிடும். தாங்கள் வெளிமாவட்டத்துக்காரர் என்பது தெரியும். ஆனாலும் வஞ்சப்புகழ்ச்சியணி எல்லா மாவட்டத்துப் பள்ளியிலும் பாடம்தானே, ஐயா. அந்தப் பாடம் நடத்திய அன்றைக்குத் தங்களுக்குக் காய்ச்சலோ என்னவோ.

3. தாங்கள் அம்மனுவை ஏற்று, உடைப்பைப் பாதுகாக்க உத்தரவிட்டீர்கள். சைக்கிள் கடை நூர்முகம்மது அண்ணாச்சி பழைய டியூபை இறுக்கிக் கட்டி ஒழுக்கை நிறுத்தியபோது, பொதுமக்கள் கோரிக்கைக்கு எதிரான செயல் என்று தங்கள் ஊழியர் அதை அவிழ்த்துவிட்டார். இப்போது குழாயருகே காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு, கால் நனைய உட்கார்ந்திருக்கிறார். அண்ணாச்சியின் மனைவி சுபைதா பேகம் நடுத்தெருவில் நின்று, "ஏளா வடிவு, மகராசியா இருளா! தெருவுக்கே நல்லது பண்ணிட்டியே" என்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பொதுமக்கள் மகிழ்ச்சி என்று அதையும் காவலாளி குறித்துக்கொண்டார்.

4. சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீட்டார் ஆவணி முகூர்த்தத்துக்கு என்னிடம் அப்பளம் சொல்லியிருக்கிறார்கள். ஆடி பிறந்துவிட்டது. இட்ட அப்பளமெல்லாம் ஈரத்தில் பூசணம் பூக்கிறது. இந்தக் கல்யாணத்தில் சொன்ன சொல் தவறினால் பிறகு ஒருவரும் என் வாசலை மிதிக்கமாட்டார்கள். இதற்கிடையே, மேலத்தெருவுக்கும் இவ்வசதியைச் செய்துதரத் தாங்கள் அங்கே குழாயைப் பார்வையிட்டீர்களாம். அத்தெருக்காரர்கள் என் முகத்தில் விழிப்பதில்லை. எனக்கு அழுகையாக வருகிறது, ஐயா.

5. இம்மனுவில் எழுதியிருப்பது எழுதியபடியே பொருள்படும். ஆகவே உடைப்பை உடனே அடைத்து, மேலத்தெருக் குழாயை அதன்பாட்டுக்கு விட்டுவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சுதந்திர தின விழாவில் எனக்குப் போர்த்துவதாகத் தாங்கள் சொல்லியனுப்பிய பொன்னாடை வேண்டாம். தெரு காய்ந்த மறுநாளே அலுவலகத்துக்கு வந்து, தங்களை வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் போகிறேன். மனம் குளிர்ந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான். அதை நன்றி என்று பதிவு செய்துகொள்ளவும்.

இடம்: வடகரைமங்கலம்
நாள்: 22.7.1994

இப்படிக்கு,
சி. சுடலைவடிவு