தறிக்குழியும் காதுகுத்தும்

மாசி 6, செவ்வாய்
காலையில் பனி. குழாயில் தண்ணீர் இல்லை. கஸ்தூரி முகம் மறுபடி ஊதியிருக்கிறது. நேற்றுதான் சென்னைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துவந்தாள், அதற்குள். என் ஒரே பெண். இரண்டு கிட்னியும் போய்விட்டது. மாப்பிள்ளை தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறான். அதை எடுத்து இவளுக்கு வைக்கத்தான் பணம். நான் கொடுக்கிறேன் என்றதற்கு டாக்டரம்மா என் சர்க்கரைச் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

நகை போயிற்று. சீட்டுப் பணமும் எடுத்தாயிற்று. மிச்சம் ஒரே வழி. பேத்தி செல்விக்கு மூன்று வயது, இன்னும் காது குத்தவில்லை. நோய்க்கு என்று கேட்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள்கூட, காதுகுத்துக்கு வந்தால் மொய் வைத்தே ஆக வேண்டும். எந்த வீட்டுக்கு நான் என்ன செய்தேன் என்று எழுதி வைத்ததில்லை. மறந்ததும் இல்லை.

மாசி 7, புதன்
எதிர்வீட்டுப் பங்கஜம் வந்தாள்.
"காதுகுத்து சரிக்கா. மடி யாருது?"
"கூரத்துல எந் தங்கச்சி மவன் இருக்கான். அவன் குந்துவான்."
"நல்லா இருக்குது! கூடப்பொறந்த தாய்மாமன் ரெண்டு தெரு தள்ளி தறி நெய்ஞ்சிக்கினு கீறான். கூரத்து ஆளு மடியில குந்த வச்சா, ஜனம் சோத்தத் துன்னுட்டுக் கையக் கழுவிக்கினு போவும். மொய்யி வராது, பாத்துக்க."

அவள் சொன்னது நிஜம். அதனால்தான் ஆத்திரம்.

துரை. என் மகன். அவன் அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாளே அவர் தறியைக் கழற்றிக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுப் பக்கம் போனவன். கூடத்தில், நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் குழி மட்டும் மிச்சம். அவன் பெண்டாட்டி வண்டி பக்கத்தில் நின்று, "குழியப் பேத்துக்கினா போவ முடியும்? அத்தைக்கே இருக்கட்டும்" என்றாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. குழியை நான் மூடவில்லை.

மாசி 9, வெள்ளி
தாலி இல்லாதவள் தட்டு எடுக்கக் கூடாது. கஸ்தூரியால் நடக்க முடியாது. மாப்பிள்ளைதான் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போனான், நான் பின்னால். துரை வீட்டுக்கு மட்டும் தட்டை நானே வாங்கிக்கொண்டேன். இனி என்ன கெட்டுவிடப் போகிறது.

உள்ளே தறிச் சத்தம். நான் வாசலில் நின்றதும் நின்றுவிட்டது. அவனும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தட்டைப் படியில் வைத்தேன். தெரு முனை திரும்பும்வரை சத்தம் மறுபடி கேட்கவில்லை.

மாசி 18, ஞாயிறு
துரை வந்தான்.

வருகிறவர்கள் விழுந்துவிடாமல் குழிமேல் பலகை போட்டிருந்தேன். பக்கத்தில் மணை. அவன் மணையில் உட்காரவில்லை. பலகையைத் தள்ளிவிட்டுக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டான். "இப்டி குந்தினாதான் மடி ஆடாது. நீ குத்து ஆசாரி." செல்வி போட்ட கூச்சல் கோயில்வரை கேட்டிருக்கும்.

நான் சமையல்கட்டு வாசலிலேயே நின்றேன். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. இடது தோளை இறக்கி, அவன் அப்பா உட்காருகிற மாதிரியே. பார்க்காதது மாதிரி வடையைத் திருப்பினேன். இரண்டு கருகிப்போயிற்று.

கஸ்தூரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

எல்லோரும் மொய் வைத்தார்கள். மாகறல் நாத்தனார் மட்டும் நான் அவளுக்குச் செய்ததில் பாதி. இருக்கட்டும்.

மாசி 19, திங்கள்
பணம் சேர்ந்துவிட்டது என்றான் மாப்பிள்ளை. துரை வைத்தது பெரிய தொகை. எப்படி?

பங்கஜம் சொன்னாள்: "தெரியாதா? தறிய வித்துட்டான்க்கா. வெள்ளிக்கெழம நீ வந்துட்டுப் போனதும் போயி பேசி முடிச்சிட்டான். இனிமே மொதலாளி வூட்டுத் தறிக்குத்தான் போவணும்."

அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செய்த தறி. என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

மாசி 23, வெள்ளி
எல்லோரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். படுக்கப்போகிறவர்கள் இரண்டு பேர், கூட நிற்க ஆள் வேண்டுமே என்று துரையும். செல்வியை அவன் பெண்டாட்டி வந்து தூக்கிப்போனாள். "பசங்களோட இருக்கட்டும் அத்தை, உங்களால ஓட முடியாது." அவளும் போனாள்.

அரிசி ஒரு பிடி போட்டால் போதுமாக இருக்கிறது. மாத்திரை போட்டேனா இல்லையா, கேட்க ஆள் இல்லை. ரேடியோ போட்டேன். நிறுத்தினேன்.

மாசி 27, செவ்வாய்
இன்றைக்கு ஆப்பரேஷன். காமாட்சி கோயிலுக்குப் போக நினைத்தேன். போன் வந்தால்? போகவில்லை. போன் இருக்கிற பங்கஜம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தாள், ஆறிப்போயிற்று.

சாயங்காலம் மணி அடித்தது. துரை.

"அம்மா. தங்கச்சிக்கு ஒண்ணுக்கு வருதும்மா. டியூப்புல வருது, நானே பாத்தேன். டாக்டரே சிரிக்கிறாரு. மாப்ளயும் கண்ணத் தொறந்துட்டாரு."

பங்கஜம் வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வாயில் வந்தது இதுதான்:

"ஒங்கப்பா தறிய எவனக் கேட்டுடா வித்த?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான்.

"குழி இருக்குதுல்லம்மா."

இருக்குது என்றேன்.