ஒரே தொட்டிக்கு இரண்டு பகல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், மீன்கள் நலம், செடிகள் இப்போதுதான் பிழைத்து எழுந்திருக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சூப்பரா இருக்கேம்மா என்பாய், அதில் பாதியைத்தான் நம்புவேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைக்காதே. நீ வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிற நேரத்தில், எனக்கு விடுமுறை என்றால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், நான் குளியலறைக்குள் புகுந்து குசுகுசுவென்று பேச வேண்டும். மற்ற நாளில் நான் கம்பெனியில் இருப்பேன், அவர் தன் கட்சியை மட்டும் உன்னிடம் பேசுவார். மீன் தொட்டியை அம்மாதான் பாழாக்கினாள் என்று சொல்லியிருக்கிறாராமே, நீயும் நம்பிவிட்டாயாமே. முழுக் கதையையும் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்.

அப்பா இரவுக் காவலுக்குப் போகிற ஆபீசில் வரவேற்பறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், அங்கே இருந்த கண்ணாடித் தொட்டியைக் குப்பையில் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இவர் ஒரு வேனைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நீ நினைக்கிற மாதிரி சின்னத் தொட்டி இல்லை, உன்னைப் படுக்க வைத்தால் கால் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். உன் கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்துத்தான் இடம் பண்ணினோம், கோபித்துக்கொள்ளாதே, நீ வரும்போது மீனைப் பார்த்துக்கொண்டே தூங்கலாம். அதில் இருந்த ஃபில்டரையும் விளக்கையும் மேனேஜர் தன் வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டான், காவல்காரனுக்குக் கண்ணாடி போதும் என்று. ஏங்க, இதுல என்ன பண்ணப் போறீங்க, துணி ஊற வைக்கவா என்று கேட்டேன். செடி வளக்கலாம், செடிக்குள்ள மீன் விடலாம், நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வேலைக்கு ஓடுறோம், வீட்ல அசையுறது ஏதாவது இருக்க வேணாமா என்றார். உனக்கே தெரியும், நான் வேலை முடிந்து உள்ளே வருவதற்கும் அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரமும் கொஞ்சமும்தான் எங்களுக்கு. அந்தக் கொஞ்சத்தையும் பிடுங்கக் கம்பெனியில் ஏற்பாடு நடக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து மாலை ஓவர்டைம், எல்லாரும் இருந்தாக வேண்டும் என்று பேச்சு. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

விடுமுறை நாளில் இரண்டு பேரும் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் போனோம். கடையை நடத்துகிற அக்காவுக்கு முகத்தைவிடப் பெரிய கண்ணாடி, நாக்கு கத்தரிக்கோல். முதலில் காற்று அடிக்கிற பம்பைக் காட்டினாள், போட்டதும் கொரகொரவென்று சத்தம். பகல் முழுக்கத் தூங்குகிற ஆள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. அடுத்தது தொட்டி விளிம்பில் மாட்டுகிறது, அதிலிருந்து தண்ணீர் சளசளவென்று விழுந்துகொண்டே இருந்தது. உன் அப்பா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இங்க பாத்ரூம் எங்க இருக்கு என்று கேட்டார். அந்த அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. கடைசியில் தொட்டிக்குக் கீழே வைக்கிற டப்பா ஃபில்டர்தான் சரி என்று முடிவானது. ஒரு குழாய் தண்ணீரை இழுக்கும், இன்னொன்று திருப்பி விடும், உள்ளே அழுக்கைப் பிடிக்கப் பஞ்சும், மீன் கழிவைத் தின்கிற நல்ல கிருமிகள் குடியிருக்கப் பொடிப்பொடிக் கல் வளையங்களும் இருக்கின்றன. சத்தமே இல்லை. தொட்டி அளவுக்குச் சரியாக வாங்காதீங்க, ஒரு படி பெருசா வாங்குங்க, அழுக்கு சேரச் சேர இழுப்பு குறையும் என்றாள் அக்கா. ஆனால் திரும்பி வருகிற தண்ணீரைக் கண்ணாடிச் சுவரில் மோத விட வேண்டுமாம், செடி பேயாட்டம் ஆடக் கூடாது, மெல்லத் தலையாட்டினாப் போதும் என்றாள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அலச வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கிருமி செத்துவிடும். அழுக்கை அழுக்குத் தண்ணீரில் கழுவுகிற வேலையை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

சண்டை வந்தது விளக்கில்தான். காவல்காரருக்கு இருட்டு என்றாலே சந்தேகம், கடையில் இருந்ததிலேயே கண்ணைப் பறிக்கிற விளக்கைக் கேட்டார். நீங்க செடியை வளக்கப் போறீங்களா, பிடிச்சு வச்சு விசாரிக்கப் போறீங்களா என்றாள் அக்கா. எனக்கோ நேர் எதிர். நாள் முழுக்க டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, யாரோ போடப் போகிற சட்டையில் கறை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, வெளிச்சம் என்றாலே எனக்கு எரிச்சல். இருக்கிறதிலேயே மங்கலாக ஒன்று கொடு என்றேன். அது அறைக்குப் போதும், செடிக்குப் போதாது என்றாள். கூட்டிக் குறைக்கிற திருகு வைத்த நீள விளக்கை வாங்கிப் பாதியில் வைத்தோம். கடைசியாக அவள் ஒன்று சொன்னாள், எட்டு மணி நேரம் போட்டா போதும், அப்புறம் இருட்டு வேணும், இல்லாட்டி பாசி ஏறிடும். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டிவிட்டு, செடியும் மீனும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் தொட்டி பச்சைக் கண்ணாடி ஆகிவிட்டது. இலைகளில் முடி முளைத்த மாதிரிப் பாசி, மீன்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. நீ விளக்கைக் குறைச்சுக் குறைச்சுத்தான் செடி அழுகுது என்று அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கத்துவார், நீங்க ஸ்டேடியம் மாதிரி ஏத்தி வச்சா வேற என்ன ஆகும் என்று நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே கத்துவேன். அவர் போனதும் நான் திருகைக் குறைப்பேன், நான் போனதும் அவர் கூட்டுவார். எதிர்வீட்டு டிரைவர் ஒருநாள் கேட்டார், ஏன் சார், நான் காலையில வண்டி எடுக்கும்போதும் உங்க ஜன்னல்ல வெளிச்சம், திரும்பி வந்து படுக்கும்போதும் வெளிச்சம், அந்த மீனுங்க என்ன பாவம் பண்ணுச்சு, கண்ணு மூட வேணாமா என்று. நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். நீங்க போடுவீங்களா என்றேன். ஆமா, வந்ததும் போட்டுட்டுத்தான் படுப்பேன், நீ வர்றதுக்கு முன்னாடி அணைச்சிடுவேன், நீயும் போடுவியா என்றார். நான் வரும்போது தொட்டி இருட்டாக இருக்கும், பாவம் மனுஷன் அசதியில் மறந்துவிட்டார், சொன்னால் மனசு நோகும் என்று அவர் போனதும் நானே போட்டுவிடுவேன், காலையில் கிளம்பும்போது அணைப்பேன். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார், பாவம் அவ ஓடுற ஓட்டத்துல மறந்துட்டா என்று. ஆளுக்கொரு எட்டு மணி நேரத்துக்கும் மேலே, ஒளிந்து ஒளிந்து, ஒரே தொட்டிக்கு இரண்டு பகல் கொடுத்திருக்கிறோம். டிரைவர் முன்னாலேயே வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது சொல், நான் மட்டுமா பாழாக்கினேன்?

திரும்பவும் அக்காவிடம் போனோம். தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிச் சில நாள் இருட்டில் விடச் சொன்னாள், தண்ணீர் மாற்றச் சொன்னாள், தானாகப் போட்டு அணைக்கிற டைமர் ஒன்றைக் கொடுத்தாள். எந்த நேரத்துக்கு வைக்கணும் என்று அப்பா கேட்டார். மீனுக்கு மணியா தெரியும், நீங்க ரெண்டு பேரும் வீட்ல இருந்து பாக்குற நேரத்துக்கு வைங்க என்றாள். அவள் சும்மா சொன்னாள். அப்படி ஒரு நேரம் எங்களிடம் எவ்வளவு இருக்கிறது? இருக்கிற அந்தக் கொஞ்சத்துக்கும் அடுத்த மாதம் ஓவர்டைம் வருகிறது. மத்தியானம் தொடங்கி அவர் கிளம்பிப் போன பிறகு அணைகிற மாதிரி வைத்தோம்.

மறுநாள் விசில் வந்தான். எங்கள் சூப்பர்வைசர்தான், இடைவேளை முடிந்ததும் விசில் ஊதுவதால் அந்தப் பெயர். ஓவர்டைமுக்கு யார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தான், நான் முடியாது என்றேன். ஏம்மா முடியாது என்றான். வீட்ல செடிக்கு விளக்கு எரியுற நேரம் சார் என்றேன். செடியா உனக்கு சம்பளம் குடுக்குது என்றான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எட்டு மணி நேரத்துக்கு மேல வெளிச்சத்துல வச்சா கெட்டுப்போயிடும்னு செடி வித்தவங்களே சொல்லிக் குடுத்தாங்க சார், எங்களை வேலைக்கு எடுக்கும்போது உங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லலையா என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான், சிரித்துவிட்டு என்னைச் சூடு அடிக்கிற இஸ்திரிப் பக்கம் மாற்றிவிட்டான். பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பேரும் எனக்குப் பிறகு முடியாது என்றார்கள், அவர்களும் இப்போது என்னோடு வேர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாளைக்கு வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்புவான், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் மாலையில் நான் வீட்டில் இருக்கிறேன். ஒரு புது இலை வந்திருக்கிறது, சிவப்பாக. உன் அப்பா அதை எனக்குக் காட்டுவதற்காகவே சட்டை மாட்டாமல் காத்திருக்கிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். டபுள் ஷிப்டு ஒத்துக்கிட்டேம்மா, பஸ்ஸிலேயே தூங்கிக்கிறேன் என்று ஏதோ மெடல் வாங்கின மாதிரி சொன்னாயே, அதைக் கேட்டு எனக்குப் பெருமை வரவில்லை. உன்னை இரவும் பகலும் விளக்கடியில் உட்கார வைக்கிறவன் உன் மேல் பாசி ஏறினால் துடைக்க வர மாட்டான், வேறு செடி வாங்கிக்கொள்வான். முடியாது என்று சொல்லிப் பார். முதல் தடவை மட்டும்தான் கஷ்டம். நேரத்துக்குச் சாப்பிடு, படுக்கிற அறையில் ஜன்னலுக்குத் திரை போடு.

உன் உடம்பும் மனசும் என்றும் தெளிந்த தண்ணீர் போல இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் தொட்டி விளக்கு எரிகிற மாலை நேரத்தில் கூப்பிடு. உனக்கு அது என்ன நேரம் என்று அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார், நீ நன்றாகத் தூங்கி எழுந்திருக்க வேண்டிய நேரமாம். நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் இருப்போம். சத்தமாகவே பேசலாம்.

பிரியமுடன்,
இஸ்திரிப் பக்கத்திலிருந்து உன் அம்மா

(திருகை இப்போதும் அவர்தான் கூட்டி வைக்கிறார். கேட்டால் இல்லை என்பார்.)