மீன் பெட்டியின் சூடு

இன்றைக்கும் பேருந்தைத் தவறவிட்டேன். மோர்னிங்சைட் வீதித் தமிழ்க்கடையின் பின்சுவரில் அந்தப் பெரிய விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஈர அட்டைப்பெட்டியும் கறிவேப்பிலையும் கலந்து மணக்கும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டதும் கால்கள் நின்றுவிட்டன. நீ வழக்கமாக நிற்கும் இடத்தை உனக்கே விட்டு, பக்கத்தில் நின்றேன்.

பள்ளிக்கூடம் விட்டு நாம் பனிக்குள் வரும்போது, நீ கையுறையைக் கழற்றி அந்த விசிறிக்கு முன் கைகளை நீட்டுவாய்.

"எடி, கடைக்காரர் மீன் ஃப்ரீசருக்குள்ள இருக்கிற சூட்டை இழுத்து வெளியில எறியினம். சூடு வேணுமெண்டு ஆகாயம் இவையிட்டக் கேட்டதே?"

மதிலுக்கு அப்பால்தான் நம் மாடிக் கட்டடம். அங்கே வீட்டுக்குள்ளும் குளிர்; நீ குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கணக்குப் பாடம் செய்வாய். எறியப்படும் அந்தச் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, குழாய் வழியாக வீடுகளுக்குக் கொண்டுவரலாம் என்று வாசித்த நாளிலிருந்து உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கார அங்கிளையும் கட்டட உரிமையாளரையும் நச்சரித்தே ஒரு கூட்டம் வைக்கச் செய்தாய். குடியிருப்பவர்களில் பெரும்பாலானோர் சம்மதித்தால் செய்யலாம் என்றார் உரிமையாளர்.

கூட்டத்தில் இரண்டாம் மாடி அன்ரி எழுந்தார்.

"மீன் பெட்டியின்ர சூடு என்ர சாமியறைக்குள்ள வாறதோ? வெள்ளிக்கிழமையில நான் என்னெண்டு விளக்கேத்திறது?"

"அன்ரி, குழாய்க்குள்ள தண்ணிதான் வரும். மீன் நீந்தி வராது" என்றாய் நீ.

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் பாதிப்பேர் போனார்கள். கூட்டம் அத்தோடு முடிந்தது.

பிறகு, நோயில் விழுந்து கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். "பகிடி விட்டு என்னத்தைக் கண்டன்? அன்ரி குளிருக்குள்ளதானே திரும்பிப் போனவ. அடுத்தமுறை சொல்லாத. தொடக் குடு."

அடுத்தமுறைக்கு நீ இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். அம்மா வைத்த மீன்குழம்பைச் சுடச்சுடச் சில்வர் சாப்பாட்டுப் பெட்டியில் ஊற்றி, மூடியை இறுக்கி, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோனேன். யாரும் பேசத் தொடங்குவதற்கு முன்பே நேராக அன்ரியிடம் போய் நீட்டினேன்.

"இதுக்குள்ள மீன்குழம்பு, அன்ரி. பிடிச்சுப் பாருங்கோ. குழம்பு உள்ளுக்கை நிக்குது, சூடு மட்டும் உங்கட கைக்கு வருது. குழாயும் இப்பிடித்தான்."

"உனக்கும் அவளின்ர வாயோ?" என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார். இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். பிறகு ஒரு கையை எடுத்து மோந்து பார்த்தார்.

"மணக்கேல்லைத்தான்."

பெட்டியைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"பொறு பிள்ளை. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சம்மதிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது, பெட்டியை மடியில் அணைத்தபடியே அன்ரி ஒரு கையை உயர்த்தினார். அன்றைக்கு அவர் பின்னால் வெளியேறியவர்களின் கைகளும் ஒவ்வொன்றாக எழும்பின.

குழாய் கோடையில்தான் போடுவார்களாம். அதுவரை விசிறி ஆகாயத்துக்கே ஊதிக்கொண்டிருக்கும். எனக்குப் பொறுமையில்லை. எந்தக் கடையைக் கடந்தாலும் அதன் பின்சுவரைத் தேடுகிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு, ஆகாயம் கேட்டதா என்று காண்பவர்களிடமெல்லாம் கேட்டுத் திரிகிறேன்.