அடியில கிடக்குற தீவனம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுறேன். போன்ல பேசினா அப்பா பக்கத்துல வந்து நின்னுக்கிறாரு, அதான் கடிதம். நான் பரீட்சையில கூட இவ்வளவு எழுதினதில்ல. சிரிச்சு முடிச்சுட்டுப் படி.

நீ கம்பெனியில செஞ்சு அனுப்பின தீவனம், மீன் தூளே சேர்க்காம வெறும் சோயால செஞ்சது, அதை நம்ம குளத்துக் கொடுவா மீன் தின்னல. வாயில வாங்குது, துப்புது. சின்ன வயசுல நீ மாத்திரையைத் துப்புவியே, அதே மாதிரி. கரையில நின்னா ஒண்ணும் தெரியாது. தண்ணி கொதிக்கிற மாதிரி துள்றதைப் பார்த்தா வெளுத்துக் கட்டுதுன்னுதான் தோணும். சிக்கின வலையை எடுக்கக் குளத்துல இறங்கினேன். கால்ல கூழு மாதிரி மிதிபட்டுச்சு. அள்ளிப் பார்த்தா அத்தனையும் உன் தீவனம். ஒரு மீனைப் பிடிச்சுப் பார்த்தேன். தலைதான் இருக்கு, உடம்பு வத்திப்போச்சு.

அப்போ அப்பா அனுப்புற வீடியோல எப்படிப் பாய்ஞ்சு தின்னுதுன்னு கேப்ப. நீ வீடியோ கேக்குற அன்னிக்கு மட்டும் அப்பா இறால் தலையைக் கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியில தீவனத்தைப் புரட்டிப் போடுறாரு. அப்போதான் துப்பாம முழுங்குது. ஏம்பா அவ கண்ணுல மண்ணைத் தூவுறீங்கன்னு கேட்டேன். "புள்ள ராப்பகலா உழைச்சு செஞ்சதுடா. மீன் துப்புதுன்னு எந்த வாயால சொல்றது? போகப் போகப் பழகிடும்"ன்னாரு.

பழகல அக்கா. அடுத்த வாரம் மீட்டிங்ல 'எங்கப்பா குளத்துலயே நல்லா தின்னுது'ன்னு சொல்லப்போற. அதை நம்பி ஊரான் குளத்துலயெல்லாம் கொட்டுவாங்க. அங்க மீன் செத்தா உன் பேருதான் நாறும். சொல்லாத. என்ன சாக்கு சொல்லியாவது தள்ளிப்போடு.

இறால் தண்ணியில அப்படி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அது உன் வேலை. ஒரு பாட்டில்ல அடைச்சு அனுப்புறேன். மூக்கைப் பொத்திக்கிட்டுத் திற.

என்னை எவ்வளவு வேணா திட்டு. அப்பாவைத் திட்டாத. எந்நேரமும் கரையில உட்கார்ந்து தண்ணியையே பார்க்குறாரு. வத்தின மீனைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குறாரு. தட்டுல போட்ட சோறு போட்டபடி கிடக்கு. போன்ல உன்கிட்ட "சாப்பிட்டேம்மா"ன்னு சொல்றாரு இல்ல?

அதையும் நம்பாத. ஒரு தடவை வந்துட்டுப் போ.

இப்படிக்கு,
உன் தம்பி