ஷாக் அப்சார்பருக்கு ரெண்டு அளவு

ஏங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. ஜீப் சாவி முட்டைக் கூடையில.

ஜீப்பை உயர்த்தி ஊருக்குப் படம் காட்டப் போறீங்கன்னு நேத்து கத்தினேன். நீங்க திரும்பிப் படுத்துட்டீங்க. காலையில, புது ஷாக் அப்சார்பருக்கு நீங்க நிரப்பி வச்ச ஆர்டர் சீட்டைப் பார்த்தேன். வண்டி தரையில நிக்கும்போது ஒரே ஒரு அளவு! தையல்காரியைக் கட்டிக்கிட்டு இப்படியா? ஆளை நிக்க வச்சு மட்டும் அளந்து பேன்ட் தைச்சா, உட்காரும்போது டர்ருன்னு கிழிஞ்சிடும். பதினோரு மணிக்கு மெக்கானிக் அண்ணன் வருவார். சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது ஷாக் எவ்வளவு நீளுது, சக்கரம் மேல ஏறி ரப்பர் கட்டையில முட்டும்போது எவ்வளவு சுருங்குது, ரெண்டையும் அளக்கச் சொல்லுங்க. அளவு டேப் தையல் மிஷின் மேல இருக்கு. எடுத்த இடத்துலயே வைங்க.

அந்த ஆர்டர் சீட்டோட கடைசியில, "மெத்துன்னு இருக்கணும், வீட்டுக்காரிக்கு முதுகு வலி, கடைக்குப் போற வழியெல்லாம் குழி"ன்னு எழுதியிருந்ததையும் படிச்சேன். இதை நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்?

மறந்துட்டேன்: வண்டியில ஏறுறவங்க எடைன்னு கேட்ட இடத்துல எனக்கு அறுபத்திரண்டு போட்டிருக்கீங்க. ஆசைதான். எழுபத்தொண்ணுன்னு திருத்திட்டேன். மெக்கானிக் அண்ணன்கிட்ட சத்தமா வாசிக்காதீங்க.

இன்னொண்ணு: சாயங்காலம் என்னைத் தையல் கடையிலேர்ந்து கூட்டிட்டுப் போக வாங்க. பழைய ஷாக்கோடவே வாங்க. முதுகு தாங்கும்.